கோலாலம்பூர் வீட்டு வாசலுக்கு எந்தப் புல்?

வெப்பக்காலப் புல்லை, அதாவது சூடான பருவத்தில் நன்றாக வளரும் புல் வகைகளைப் பற்றி இணையத்தில் படித்தால் முதல் குறையாகச் சொல்வது, குளிர்காலத்தில் பழுப்பாகிவிடும் என்பதுதான். நமக்குக் குளிர்காலமே இல்லை, அதை விடுங்கள். கோலாலம்பூரில் கவனிக்க வேண்டியது வெயிலும் தண்ணீரும்.

முதலில் ஒரு நாள் முழுக்க வாசலில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். தெரஸ் வீடுகளில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், கார் நிறுத்துமிடத்துக் கூரையும் பக்கத்து மாமரமும் பாதி நிலத்தை மறைத்துவிடும். அங்கே கவ் கிராஸ்தான் சரி. அகல இலை, விலை குறைவு, அமிலத்தன்மை உள்ள மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் மழைக்காலத்தில் வெட்டி மாளாது, பார்க்கவும் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும்.

நல்ல வெயில் இருந்தால் பிலிப்பீன் கிராஸ், அதாவது சோய்சியா வகை, போடலாம். மெல்லிய இலை, அடர்த்தி, அடிக்கடி வெட்ட வேண்டாம். மெதுவாகப் படர்வதால் இடைவெளி விட்டு நட்டால் அது மூடுவதற்குள் களை புகுந்துவிடும், அதனால் மண்ணோடு வெட்டியெடுத்த புல் பத்தைகளை நெருக்கிப் பதிப்பதே மேல், செலவு கூடினாலும். பெர்முடா நம்ம அறுகம்புல்தான். மிதிபட்டாலும் எழும், நிழலில் மட்டும் தேறாது, பூச்செடிப் பாத்திக்குள்ளும் ஓடிவிடும்.

எதைப் போட்டாலும், களிமண்ணைக் கொத்திவிட்டு, தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு வையுங்கள். வெட்டும்போது இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.