எஸ்எஸ்ஓ அமைப்பதில் வரும் தவறுகள்: டெஸ்ட் பாஸான பிறகு தெரிபவை

ஒரே லாகினில் எல்லாச் செயலிகளுக்குள்ளும் போக வைக்கும் சிங்கிள் சைன்-ஆனை (எஸ்எஸ்ஓ) அமைத்து முடித்ததும் 'டெஸ்ட் வெற்றி' என்று திரையில் பச்சையாக வரும். பலர் அந்த இடத்திலேயே வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். நான் பார்த்த பெரிய தொல்லைகள் எதுவும் அந்த டெஸ்டில் தெரிந்ததில்லை. ஒரு சர்டிஃபிகேட் காலாவதியானபோது, ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டபோது, இன்னொருவர் வேலையை விட்டுப் போனபோதுதான் அவை வெளியே வந்தன.

அடிப்படை என்னவோ எளிமையானதுதான். ஆக்டா, மைக்ரோசாஃப்ட் என்ட்ரா, கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்ற ஓர் அடையாளச் சேவை 'இவர் இன்னார்தான்' என்று கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு கொடுக்கிறது. இந்தச் சேவையை எல்லோரும் ஐடிபி என்பார்கள். கிளவுட் செயலி பாஸ்வேர்டு கேட்காமல் அந்தச் சீட்டை நம்பி உள்ளே விடுகிறது. 2005இல் வந்த சாமல் 2.0, 2014இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ட் இரண்டும் அந்தச் சீட்டை எழுதும் முறைகள். சீட்டில் யார் பெயர், யார் கையெழுத்து, எவ்வளவு நேரம் செல்லும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது

செட்டிங்ஸில் 'எல்லோரும் எஸ்எஸ்ஓ வழியாக மட்டுமே' என்று ஒரு பட்டன் இருக்கும். டெஸ்ட் பாஸான உற்சாகத்தில் அதை அழுத்திவிட்டு லாக்அவுட் செய்வார்கள். திரும்ப உள்ளே வர முடியாது. முகவரியில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால்கூடப் போதும். அதைத் திருத்த வேண்டிய பக்கம் பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிறது. அப்புறம் அந்தச் செயலியின் சப்போர்ட்டுக்கு எழுதி, 'நான்தான் உரிமையாளர்' என்று நிரூபித்து, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் ஒரு பிரவுசரில் அட்மினாக லாகின் செய்தபடியே இருங்கள். இன்னொரு பிரவுசரின் பிரைவேட் ஜன்னலில் சோதியுங்கள். எஸ்எஸ்ஓவைத் தொடாத அவசரக் கணக்குகளும் வேண்டும். ஐடிபி பக்கத்திலேயே இப்படிக் குறைந்தது இரண்டு கணக்குகள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. நீளமான பாஸ்வேர்டும் ஒரு ஹார்டுவேர் சாவியும் போட்டு, இரண்டு தனித்தனி இடங்களில் பூட்டி வையுங்கள். யாராவது அந்தக் கணக்கில் நுழைந்தால் உடனே எச்சரிக்கை வர வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை நுழைந்தும் பாருங்கள். தேவைப்படும் நாளில்தான் சாவி வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் வைத்திருந்தும் பயனில்லை.

சீட்டில் எந்தப் பெயர்?

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு இது. ஆளை அடையாளம் காண ஈமெயில் முகவரியை வைப்பார்கள். படிக்க எளிது, எல்லோருக்கும் உண்டு, அதனால் யாரும் யோசிப்பதில்லை.

ஒரு ஊழியர் தன் பெயரை மாற்றிக்கொள்கிறார் என்று வையுங்கள். ஐடிபியில் ஈமெயிலும் மாறுகிறது. மறுநாள் காலை லாகின் செய்தால் எந்தப் பிழையும் இல்லை, அழகாக உள்ளே போகிறார். ஆனால் உள்ளே எதுவும் இல்லை. ஐந்து வருட ஃபைல்கள், அவருக்கு ஒதுக்கிய வேலைகள் எல்லாம் காணோம். புது முகவரியைப் பார்த்த செயலி, புது ஆள் என்று நினைத்துப் புதுக் கணக்கு திறந்துவிட்டது. பழையது பழைய முகவரியில் அப்படியே கிடக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். வேலையை விட்டுப் போனவரின் முகவரியை, அதே பெயரில் சேர்ந்த புதியவருக்குக் கொடுக்கிறார்கள். முதல் நாளே அவர் பழையவரின் கணக்குக்குள் நிற்கிறார், அவருடைய எல்லா அனுமதிகளோடும்.

மாறாத ஓர் எண்ணைத்தான் அடையாளமாக வைக்க வேண்டும். ஓப்பன் ஐடி கனெக்டில் சீட்டைக் கொடுத்தவரையும் 'சப்' என்ற மதிப்பையும் சேர்த்து அடையாளமாகக் கொள்ளச் சொல்லி விதியே இருக்கிறது. என்ட்ராவில் ஆப்ஜெக்ட் ஐடி உண்டு. சாமலில் நேம் ஐடி வடிவமாக 'பெர்சிஸ்டென்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஈமெயில், கடிதம் அனுப்ப மட்டும் இருக்கட்டும். 2023இல் டிஸ்கோப் என்ற நிறுவனம் 'என்ஓஆத்' என்ற பெயரில் வெளியிட்ட ஓட்டையும் இதைச் சேர்ந்ததுதான்: தன்னுடைய டெனன்டில் (என்ட்ராவில் தனக்கென வைத்திருக்கும் தனிப் பகுதியில்) ஒரு கணக்கின் ஈமெயில் இடத்தில் வேறொருவர் முகவரியை எழுதிக்கொண்டு, அந்த ஈமெயிலை நம்பிய செயலிகளில் அவராகவே நுழைய முடிந்தது.

ஈமெயிலைத் தவிர வேறு வழி தராத செயலிகளும் இருக்கின்றன. அங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையாவது கவனியுங்கள். ஐடிபியில் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, செயலியில் சின்ன எழுத்தில் இருந்ததற்காகவே இரண்டு கணக்குகள் உருவானதைப் பார்த்திருக்கிறேன்.

முகவரிப் பிழைகளை நீட்டி முழக்க வேண்டியதில்லை. என்டிட்டி ஐடி (சாமலில் செயலிக்கும் ஐடிபிக்கும் உள்ள பெயர்), ஏசிஎஸ் முகவரி (சாமல் சீட்டு போய்ச் சேரும் இடம்), ரீடைரக்ட் முகவரி (ஓப்பன் ஐடி கனெக்டில் அதே வேலையைச் செய்வது) எதையும் கையால் தட்டாதீர்கள், காப்பி செய்யுங்கள். ஓப்பன் ஐடி கனெக்டில் ரீடைரக்ட் முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்; கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் தவறுதான். எல்லாம் சரியாக இருந்தும் சீட்டை ஏற்கவில்லை என்றால் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். சீட்டு எப்போதிலிருந்து எப்போது வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும், அது பெரும்பாலும் குறுகிய நேரம்தான். ஒரு எச்சரிக்கை: பிழை தேடும் அவசரத்தில் நிஜப் பயனரின் சீட்டை எங்கேயோ இருக்கும் ஆன்லைன் டிகோடரில் ஒட்டாதீர்கள். அதில் ஆளின் விவரமெல்லாம் இருக்கிறது, காலாவதி ஆகாத சீட்டாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை காலை

முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை யாராலும் ஒரு முக்கியமான செயலிக்குள் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரை ஓடியது, யாரும் எதையும் தொடவில்லை. 'சிக்னேச்சர் செல்லாது' என்று மட்டும் வந்தது. நெட்வொர்க்கைப் பார்த்தோம், ஃபயர்வாலைப் பார்த்தோம், ஒன்றும் சிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒருவர் கேட்டார்: "சர்டிஃபிகேட் எப்போ முடியுது?" சீட்டின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் அந்தச் சர்டிஃபிகேட் ஞாயிற்றுக்கிழமை முடிந்திருந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை மெயில்கள் வந்திருக்கின்றன. போன முகவரி, எஸ்எஸ்ஓவை அமைத்துவிட்டு எப்போதோ வேலையை விட்டுப் போனவருடையது.

என்ட்ராவை எடுத்துக்கொண்டால், சாமல் சர்டிஃபிகேட் சாதாரணமாக 3 வருடம் செல்லும். முடிவதற்கு 60, 30, 7 நாட்களுக்கு முன் மெயில் வரும். அமைத்தவரின் முகவரிதான் முதலில் அங்கே இருக்கும். அதோடு குழுவுக்கான பொது முகவரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். மூன்று வருடத்தில் ஆட்கள் மாறிவிடுவார்கள். காலண்டரிலும் தேதியைப் போட்டு, எந்தச் செயலியில் யார் புதுச் சர்டிஃபிகேட்டை ஏற்ற வேண்டும் என்று எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் பழையது, புதியது இரண்டையும் ஏற்கும் செயலி என்றால் மாற்றுவது சுலபம். ஐடிபியின் முகவரி, சர்டிஃபிகேட் விவரங்கள் அடங்கிய மெட்டாடேட்டாவை ஃபைலாக ஏற்றாமல் முகவரியாகக் கொடுத்து, செயலி அதை அவ்வப்போது தானே போய்ப் படிக்கும் வசதி இருந்தால் இன்னும் நிம்மதி.

பெரியவர்களுக்கு மட்டும் வரும் பிழை

எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை வைத்து அனுமதி கொடுப்பது நல்ல முறைதான். ஆனால் சீட்டில் இடம் அளவோடுதான் இருக்கும். என்ட்ராவில் சாமல் சீட்டில் 150 குழுக்கள், ஓப்பன் ஐடி கனெக்ட் சீட்டில் (அதை டோக்கன் என்பார்கள்) 200. அதைத் தாண்டினால் குழுப் பட்டியலே வராது, வேறு இடத்தில் போய்ப் பார்த்துக்கொள் என்ற குறிப்பு மட்டும் வரும். டெஸ்டுக்கு வைத்த கணக்கு மூன்று குழுக்களில் இருந்திருக்கும், எல்லாம் ஓடியிருக்கும். பல வருடம் இருந்து, எல்லாக் குழுவிலும் பெயர் ஏறியவர்தான் மாட்டுவார். அவர் பெரும்பாலும் உங்கள் மேலதிகாரியாக இருப்பார். அந்தச் செயலிக்கு ஒதுக்கிய குழுக்களை மட்டும் சீட்டில் அனுப்பும்படி வைத்தால் இது வராது.

டெஸ்ட் பற்றி இன்னொன்று. உள்ளே வர வேண்டியவர் வருகிறாரா என்று மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அனுமதி கொடுக்காத ஒரு கணக்கை வைத்தும் முயன்று பாருங்கள். அவரும் உள்ளே போய்விட்டால் அந்தப் பச்சை டிக்கை நம்பாதீர்கள்.

முன்வாசலைப் பூட்டி, கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது

எஸ்எஸ்ஓ வந்த பிறகும் பழைய பாஸ்வேர்டு லாகின் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் ஏராளம். ஐடிபியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாம் போட்டிருப்பார்கள். லாகின் பக்கத்தின் அடியில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்ற சின்ன இணைப்பு அதையெல்லாம் சுற்றிக்கொண்டு உள்ளே விடும். அவசரக் கணக்குகளைத் தவிர மற்றவர்களுக்கு அதை மூடுங்கள். ஆனால் முதல் வாரமே வேண்டாம், சின்னக் குழு ஒன்று எஸ்எஸ்ஓவில் சில நாள் ஓடிப் பார்க்கட்டும்.

ஆட்கள் விலகும்போது நடப்பதுதான் இதில் பெரியது. முதல் லாகினில் செயலியே கணக்கு திறந்துகொள்ளும் வசதியை ஜேஐடி என்பார்கள். அதை ஆன் செய்துவிட்டு, கணக்கு நிர்வாகம் முடிந்தது என்று நினைப்பார்கள். அது கணக்கைத் திறக்கும், மூடாது. ஐடிபியில் ஒருவரை நிறுத்தினால் அவரால் புதுச் சீட்டு வாங்க முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே போனில் திறந்திருக்கும் செஷன் செயலி வைத்திருக்கும் கெடு வரை ஓடும். அவர் உருவாக்கிய ஏபிஐ டோக்கன்களுக்கு (புரோகிராம்கள் செயலிக்குள் போகப் பயன்படுத்தும் சாவிகளுக்கு) பல செயலிகளில் சீட்டே தேவையில்லை.

கணக்கை மூட ஸ்கிம் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது, அதன் 2.0 வடிவம் 2015இல் வந்தது. ஐடிபி தானாகவே செயலியிடம் 'இவரை நிறுத்து' என்று சொல்லும். அதுவும் அந்த நொடியே நடந்துவிடாது. என்ட்ரா சுமார் 40 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாற்றங்களை அனுப்பும். ஸ்கிமைக் கூடுதல் விலையுள்ள திட்டத்தில் மட்டும் தரும் செயலிகள் உண்டு. அப்படியானால் விலகுபவர்களுக்கான கைப்பட்டியலில் அந்தச் செயலியின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

எஸ்எஸ்ஓவை எல்லோருக்கும் திறப்பதற்கு முன் ஒரு போலி ஊழியரை உருவாக்குங்கள். அவர் பெயரில் போனில் லாகின் செய்து, ஓர் ஏபிஐ டோக்கனும் எடுத்து வையுங்கள். சாயங்காலம் ஐடிபியில் அவரை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அந்தப் போனைத் திறந்து, டோக்கனையும் போட்டுப் பாருங்கள்.