டர்பனில் சுகாதார ஆய்வாளர் பணி: புதிதாகச் சேர்பவருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் சுகாதார ஆய்வாளர் என்பவர் பெருநகராட்சி அல்லது மாவட்ட நகராட்சியின் ஊழியர். குடிநீரின் தரம், உணவுக் கட்டுப்பாடு, கழிவு மேலாண்மை, கட்டடங்களின் சுகாதாரம், தொற்றுநோய்க் கண்காணிப்பு, எலி கொசு முதலியவற்றின் ஒழிப்பு, சுற்றுச்சூழல் மாசு, இறந்தோர் உடல்களின் அடக்கம், இரசாயனப் பாதுகாப்பு ஆகிய ஒன்பதையும் 2003ஆம் ஆண்டின் தேசிய நலச் சட்டம் நகராட்சிகளின் பொறுப்பில் வைத்திருக்கிறது. தடுப்பூசியும் துறைமுகச் சுகாதாரமும் மலேரியாக் கட்டுப்பாடும் இதில் சேரா. பத்தாயிரம் மக்களுக்கு ஓர் ஆய்வாளர் என்பது அளவுகோலாகச் சொல்லப்பட்டாலும், நடைமுறையில் ஒருவர் தலையில் அதைவிடப் பெரிய பகுதியே விழும் என்பதால், ஒன்பதிலும் ஒரே ஆழம் காண எவராலும் இயலாது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், ஐசிப்பிங்கோ என்று நம்மவர் நெருங்கி வாழும் பகுதிகளில் நாளின் பெரும்பகுதியை உணவே எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த வழிகாட்டியும் சமையலறையிலேயே அதிக நேரம் நிற்கும்.

தகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சுற்றுச்சூழல் நலத்துக்கான நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. படித்து முடித்த பின் ஓராண்டு சமூகப் பணியும், நலத்தொழில் மன்றத்தில் பதிவும் கட்டாயம். பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஓட்டுநர் உரிமம் இல்லாதவரும் இந்த வேலையில் தடுமாறுவார். பாடத்திட்டம் போதிய அளவு வலியுறுத்தாத ஒரு தகுதியை நான் இவற்றோடு சேர்ப்பேன்: சூலு மொழி. கடையின் உரிமையாளர் தமிழராகவோ குஜராத்தியராகவோ இருக்கலாம், ஆனால் கறியை வெட்டுபவரும் பாத்திரம் கழுவுபவரும் பெரும்பாலும் சூலு பேசுபவர்கள். உள்ளே நுழைந்ததும் அனைவருக்கும் ‘சனிபோனானி’ என்று சொல்லி, வயதில் மூத்த பெண்ணை ‘மாமா’ (சூலுவில் அம்மா) என்று அழைத்துப் பேசத் தெரிந்த ஆய்வாளருக்கு, உரிமையாளர் சொல்லாத செய்திகள் கிடைக்கும்.

அதிகாரத்தின் எல்லையை முதல் வாரத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நியாயமான எந்த நேரத்திலும் ஒரு வணிக இடத்துக்குள் சென்று ஆய்வு செய்யச் சட்டம் உங்களை அனுமதிக்கிறது. குடியிருப்பு வீடு இதற்கு விலக்கு. நம் சமூகத்தில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வீட்டிலேயே சமைத்து விற்கும் பெண்கள் ஏராளம். அவர்களுடைய சமையலறைக்குள் இசைவோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் நீங்கள் கால் வைக்கக் கூடாது. ஆனால் விற்பனைக்கு உணவு சமைக்கும் இடத்துக்கு ஏற்புச் சான்றிதழ் வேண்டும் என்று 2018 ஜூனில் வெளியான ஆர்638 உணவு விதிகள் சொல்கின்றன. எனவே கதவைத் தட்டி மிரட்டுவதைவிட, பதிவுக்கு என்ன தேவை, எவ்வளவு மாற்றம் செய்தால் போதும் என்று விளக்கி அவர்களே அழைக்கும்படி செய்வது நல்லது. அந்தச் சான்றிதழ் ஓர் இடத்துக்கும் ஓர் ஆளுக்கும் உரியது. கடை கைமாறும்போது அது கூடவே கைமாறாது. கடையை வாங்கிய புதியவர் பழைய உரிமையாளரின் சான்றிதழையே சுவரில் தொங்கவிட்டிருப்பதை நீங்கள் அடிக்கடி காண்பீர்கள். ஆகவே சான்றிதழில் உள்ள பெயரையும் முகவரியையும் வாசிக்காமல் மேலே செல்ல வேண்டாம்.

இனி ஆய்வு. கையில் இருக்கும் படிவம் தரை, சுவர், கூரை, விளக்கு என்று வரிசையாகக் கேட்கும், ஆனால் நோய் அந்த வரிசையில் வருவதில்லை. உடைந்த ஓடு ஒருவரையும் மருத்துவமனைக்கு அனுப்பாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம், அதே நேரத்தில் பளபளக்கும் சமையலறையில் மூடி வைத்த ஒரு பானை ஐம்பது பேரைப் படுக்கையில் தள்ளலாம். இந்த உணவு அடுப்பிலிருந்து வாய்க்குப் போகும் வழியில் எங்கே, எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் இருக்கிறது என்ற கேள்வியை முன்னே வைத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றுங்கள். படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.

பன்னி சவ் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். காலையில் பெரிய பானையில் காய்ச்சிய ஆட்டுக்கறிக் குழம்பும் பீன்ஸ் குழம்பும், குடைந்தெடுத்த ரொட்டிக்குள் நாள் முழுவதும் ஊற்றப்படும். பத்து மணிக்குப் போனால் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மதியக் கூட்டம் கலைந்த மூன்று மணிக்குப் போய், அடுப்பை அணைத்து மூடி வைத்த பானையின் நடுவில் வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். ஐந்து டிகிரி செல்சியசுக்கும் அறுபது டிகிரிக்கும் இடையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. அணைத்த அடுப்பில் இருக்கும் பானை மெல்ல அந்த எல்லைக்குள் இறங்கி, மாலை வரை அங்கேயே தங்கிவிடும். கூட்டம் நெருக்கும் மதிய வேளையிலும் ஒரு முறை போக வேண்டும், ஆனால் அப்போது பார்க்க வேண்டியது கைகளை. பணம் வாங்கிய கை ரொட்டியைத் தொடுகிறதா என்று பாருங்கள். கை கழுவும் தொட்டியையும் தொட்டுப் பாருங்கள்: பத்துப் பேர் வேலை செய்யும் நேரத்தில் அது காய்ந்து கிடந்தால், சோப்பும் காகிதத் துண்டும் அங்கே அழகாக அடுக்கியிருப்பதற்குப் பொருள் எதுவும் இல்லை.

சோற்றைப் பற்றித் தனியே கேளுங்கள். சமைத்த அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பின்னும் உயிரோடிருக்கும். வெளியில் வைத்த சோற்றில் அவை முளைத்து உண்டாக்கும் வாந்தி நஞ்சை மறுபடி சூடுபடுத்துவதால் அழிக்க முடியாது. “நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தோம்” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இங்கே கொதி உதவாது என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிரியாணிச் சட்டி, பருப்பு, இறைச்சிக் குழம்பு ஆகியவற்றில் குளோஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜன்ஸ் இதேபோல் பிழைத்து, பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும் நேரத்தில் பெருகும். எனவே மறுநாளுக்கு வைக்கும் உணவை இரண்டு மணி நேரத்தில் அறுபதிலிருந்து இருபத்தொரு டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் ஐந்து டிகிரிக்கும் இறக்க வேண்டும் என்பதைக் கடைக்காரருக்குச் சொல்லுங்கள். எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆழமில்லாத தட்டுகளில் பரப்புவது, பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் நிறுத்திக் கிளறுவது, குளிர்பெட்டிக்குள் தட்டுகளுக்கு நடுவே காற்றோட இடம் விடுவது. வழி சொல்லாமல் குறை மட்டும் எழுதும் ஆய்வாளரின் அறிக்கை மேசை இழுப்பறையில்தான் போய்ச் சேரும்.

உங்கள் வெப்பமானியை நீங்களே சோதிக்காமல் எவரையும் கண்டிக்காதீர்கள். நொறுக்கிய பனிக்கட்டி கலந்த நீரில் அது பூச்சியம் காட்ட வேண்டும், கொதிநீரில் நூறு காட்ட வேண்டும். கடலோர டர்பனுக்கு இது சரி. பணிமாற்றம் பெற்று லெனேசியாவுக்கோ ஜோகன்னஸ்பர்க்கின் வேறு பகுதிக்கோ போனால், அங்கே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள், கருவி கெட்டுவிட்டதென்று வீசிவிட வேண்டாம்.

எலித் தடயத்துக்கு டார்ச் விளக்கைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடியுங்கள். மென்மையாகவும் பளபளப்பாகவும் இருக்கும் புழுக்கை புதியது, காய்ந்து நொறுங்குவது பழையது. எலி ஓடும் வழியில் சுவரில் எண்ணெய் படிந்த கறை இருக்கும். அதைவிடக் கவனமாகத் தேட வேண்டியது, எலியைக் கொல்ல உரிமையாளர் என்ன வைத்திருக்கிறார் என்பதை. 2024 அக்டோபரில் சோவெட்டோவின் நலெடி பகுதியில் ஆறு குழந்தைகள் இறந்தபோது, டெர்புபாஸ் என்னும் கொடிய வேளாண் பூச்சிக்கொல்லியே காரணம் என்று கண்டறியப்பட்டது. அது தெருவோரங்களில் சிறு பொட்டலங்களாக எலிமருந்தென்று விற்கப்பட்டுவந்தது. அதன் பின்னரே நாடு முழுவதும் ஸ்பாசா எனப்படும் குடியிருப்புப் பகுதிச் சிறு கடைகளை மீண்டும் பதிவு செய்ய அரசு உத்தரவிட்டது. ஒரு கடையில் பெயர்ச்சீட்டு இல்லாத குருணை மருந்து மாவுமூட்டைக்குப் பக்கத்தில் இருந்தால், அன்றைய ஆய்வில் மற்ற எல்லாம் அதற்குப் பின்.

கோயில் சமையலறைக்கு வேறு அணுகுமுறை வேண்டும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதும், ஈஸ்டர் விடுமுறையில் ஐசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெருந்திரள் கூடும்போதும், புரட்டாசிப் பூசைகளிலும், சமைப்பவர்கள் கூலி வாங்காத பக்தர்கள். அவர்களிடம் விதி எண்ணைச் சொல்லிப் பேசுவது பண்புமன்று, பயனுமன்று. விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே நிர்வாகக் குழுவைச் சந்தியுங்கள். அதைவிட முக்கியமாக, சமையலுக்குத் தலைமை தாங்கும் பெண்மணியோடு அமர்ந்து, “ஆன்ட்டி, நாளைக்குப் பரிமாறும் பருப்பை எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்குவீர்கள்?” என்று கேளுங்கள். முதல் நாள் இரவு பத்து மணிக்கு என்று பதில் வந்தால், உங்களுக்கு வேண்டிய தகவல் முழுவதும் கிடைத்துவிட்டது. பருப்பை விடியலில் வேகவைத்து, இரவில் காய்கறி நறுக்குவதை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அவரோடு சேர்ந்து நேரத்தை மாற்றி அமையுங்கள். நேர்த்திக்கடனாக ஆடு, கோழி பலியிடுவதை 2000ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டம் சமய வழக்கமென்று ஏற்கிறது, ஆனால் அப்படிக் கிடைத்த இறைச்சியை விற்கக் கூடாது. இரத்தமும் குடலும் ஓடையில் சேராமல் எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

தண்ணீர் மாதிரி எடுப்பது எளிது போலத் தோன்றும், கெடுவதும் எளிது. குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, வாயைக் கிருமி நீக்கி, குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இட்ட நுண்ணுயிர் நீக்கிய போத்தலில் பிடித்து, குளிர்பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நூறு மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நாட்டின் குடிநீர்த் தரவரையறை. குளோரின் அளவை மட்டும் அங்கேயே, குளோரின் உள்ள நீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி மாத்திரையால் பாருங்கள், இளஞ்சிவப்பு வராவிட்டால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் செயல்படலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பியிருந்த காலம் போன்ற நேரங்களில், லாரியில் மட்டும் சோதித்தால் போதாது. மக்கள் வீட்டில் அந்த நீரைப் பிடித்து வைக்கும் வாளியிலும் சோதிக்க வேண்டும்.

நோய் பரவும்போது உங்கள் வேலை துப்பறிவதாக மாறும். 2017இல் தொடங்கிய லிஸ்டீரியா நோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தக் கிருமி அறிகுறி காட்ட எழுபது நாள் வரை ஆகலாம் என்பதால், என்ன சாப்பிட்டோம் என்று நோயாளிகளால் நினைவுகூரவே முடியவில்லை. 2018 ஜனவரியில் சோவெட்டோவில் ஒரே குழந்தைகள் காப்பகத்தைச் சேர்ந்த சிறுவர்கள் நோயுற்றபோது, ஆய்வாளர்கள் அந்தக் காப்பகத்தின் குளிர்பெட்டியிலிருந்து மாதிரி எடுத்தார்கள். அந்த வழியே போலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சிக்கும், பொலொக்வானேயில் இருந்த தொழிற்சாலைக்கும் தடம் கிடைத்தது. அந்த மாதிரிகளின் சீட்டில் இடம், நேரம், வெப்பநிலை, கையொப்பம் ஆகியவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் தடம் அங்கேயே அறுந்திருக்கும். விசாரிக்கும்போது நோயுற்றவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். அதே விருந்தில் உண்டும் நலமாக இருப்பவர்கள் எதை உண்ணவில்லை என்பதுதான் பல நேரங்களில் விடையைத் தரும்.

பழைய வணிகக் குடும்பங்கள் சில உங்களை ஐயத்தோடு பார்த்தால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. நேட்டாலின் 1897ஆம் ஆண்டு வணிக உரிமச் சட்டம், சுகாதாரக் குறை என்ற பெயரில் இந்தியரின் உரிமங்களை மறுக்க அதிகாரிகளுக்கு வழி கொடுத்தது, நீதிமன்ற மேல்முறையீட்டையும் அடைத்தது. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் நோயைக் காட்டி இந்தியர் குடியிருப்பு எரிக்கப்பட்டது. டர்பனின் தெருக்களைக் கூட்டிய தமிழ், தெலுங்குக் குடும்பங்களையோ மாநகராட்சி மேகசின் பாரக்ஸ் லயன்களில் நெருக்கி வைத்திருந்தது. ஆய்வாளரின் குறிப்பேடு நம்மவருக்கு எதிராக எழுதப்பட்ட காலம் நீண்டது. ஆகையால் எழுதும் ஒவ்வொரு குறையையும் விதி எண்ணோடும் அளந்த எண்ணோடும் எழுதுங்கள். ‘அசுத்தம்’ என்று எழுதாமல், ‘கோழிக் குழம்பு, பிற்பகல் 3.10, 41 டிகிரி’ என்று எழுதுங்கள். புறப்படும்போது கையில் திணிக்கப்படும் சமோசாப் பொட்டலத்தை, அன்பால் தந்தாலும், முதல் நாளிலிருந்தே மறுத்துவிடுங்கள். இரண்டாம் முறை மறுப்பது மிகவும் கடினம்.

நோட்டீசில் கெடு வைக்கும்போது குறையின் ஆபத்துக்கேற்பப் பிரியுங்கள். சாக்கடை நீர் தரையில் நின்றாலோ தண்ணீரே இல்லாவிட்டாலோ அன்றே தடை ஆணை இட வேண்டும், பெயர்ந்த சுண்ணாம்புக்கு ஒரு மாதம் கொடுக்கலாம். மறு ஆய்வுக்கு ஆய்வாளர் வராத கடையில் அடுத்த நோட்டீசை எவரும் மதிப்பதில்லை. எனவே கையெழுத்திடும் முன் உங்கள் நாட்குறிப்பைத் திறந்து, உங்களால் திரும்பி வர முடிந்த தேதியை மட்டுமே அதில் குறியுங்கள்.