மரப்பட்டையில் அரிய பாசியைத் தேட

மரப்பட்டையில் வளரும் அரிய பாசியை (மாஸ்) காண ஆசையென்றால், முதலில் அரிதல்லாத இரண்டைக் கண்ணுக்குப் பழக்குங்கள். என்னோடு பினாங்குக் கொடிமலைக்கு வரக் கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். பலருக்குப் பிடிப்பதில்லை, எடுத்த எடுப்பில் மலையுச்சி வேண்டும் அவர்களுக்கு.

வீட்டோரத் தென்னையே போதும். அதில் வெளிறிய பச்சையாக, மெத்தென்று திரண்டிருப்பது பெரும்பாலும் ஆக்டோபிளெஃபாரம் அல்பிடம். பச்சைச் செல்களை நிறமற்ற வெற்றுச் செல்கள் மூடியிருப்பதால்தான் அந்த வெளுப்பு. கரும்பச்சையாக, காய்ந்ததும் சுருண்டுகொள்வது காலிம்பெரஸாக இருக்கலாம். அதன் இலை நுனியில் பச்சைத் துணுக்குகள் கொத்தாக நிற்கும். உதிர்ந்த இடத்தில் அவையே புதுச் செடியாகும். இந்த இரண்டிலும் சேராத ஒன்று கண்ணில் படும்போதுதான் நின்று பார்க்க வேண்டும்.

10 மடங்கு லென்ஸ் வாங்குங்கள். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, முகத்தை மரத்தருகே கொண்டுபோங்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

காய்ந்த பாசியைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இலைகள் விரியும். அவை தண்டைச் சுற்றி அமைந்து, நடுநரம்பும் தெரிந்தால் பாசிதான். நரம்பே இல்லாமல் தட்டையாக இரு வரிசையில் படர்ந்தால் பாசியின் உறவுச் செடியான லிவர்வொர்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்டும் இலையுமின்றிச் சாம்பல் திட்டாக ஒட்டியிருப்பது லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். குருமாவில் போடும் கல்பாசி அந்தக் கூட்டம்.

இனி மலைக்குப் போகலாம். 1923 முதல் ஓடும் மலை ரயிலில் ஏறி, தாவரவியல் பூங்காவுக்கு இறங்கும் ஜீப் சாலையில் மெதுவாக நடந்து வாருங்கள். மழை விட்ட மறுநாள் காலை நல்லது. ஏறும்போது ரயில் சன்னலில் தெரிவது வெறும் பச்சை மட்டுமே.

புதிதாகத் தோன்றுவதை மூன்று படங்கள் எடுங்கள்: முழு மரம், பக்கத்தில் 20 சென் நாணயத்துடன் பாசித் திட்டு, பிறகு லென்ஸ் வழியே இலை. காம்பின் மேல் ஸ்போர் எனும் வித்துத்தூள் இருக்கும் சிறு உறை நின்றால் அதையும் விடாதீர்கள். மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், பட்டை வழவழப்பா வெடிப்பா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிடுங்க மட்டும் கூடாது. பாசிக்கு வேர் கிடையாது. நுண்ணிழைகளால் பட்டையைப் பற்றியிருக்கிறது, அவ்வளவுதான். மரத்தின் சாற்றை உறிஞ்சுவதும் இல்லை. மரத்துக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நுண்ணோக்கியில் இலையை அறுத்துப் பார்த்தால்தான் இனம் உறுதியாகும் என்ற நிலை அடிக்கடி வரும். அப்போது படங்களையும் குறிப்பையும் பல்கலைக்கழகத் தாவரவியலாரிடம் கொடுங்கள். மாதிரி வேண்டுமென்றால் அனுமதி பெற்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.