பழைய எச்பி இசட்820 கம்ப்யூட்டரில் ப்ராசஸர் மாற்றப் போகிறீர்களா?

இது இரண்டு ப்ராசஸர் போடக்கூடிய வொர்க்ஸ்டேஷன். முதலில் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்) போய் பூட் பிளாக் தேதியைப் பாருங்கள், அதாவது முதலில் ஓடும் நிரலின் தேதி. எச்பி இசட்820-இல் அது 2013 என்று இருந்தால்தான் இன்டெலின் ஜியான் இ5-2600 வி2 வகை ப்ராசஸர் ஓடும். 2011 என்றால் பயாஸை அப்டேட் செய்தாலும் அந்தத் தேதி மாறாது, வி2 இல்லாத பழைய இ5-2600 போதும் என்று விட்டுவிடுங்கள். இ5-1600 மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள், அது ஒற்றை சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டுக்கானது. இதன் இரண்டு சாக்கெட்டிலும் ஒரே மாடல் ப்ராசஸர்தான் போட வேண்டும். இ5-2680 வி2 ஜோடி போட்டால் 20 கோர்.

சாக்கெட் பின்களில் விரல் படவே கூடாது, ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. அப்புறம், மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதனால் ப்ராசஸர் மேல் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைச் (சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) சுத்தமாகத் துடைத்துப் பட்டாணி அளவு புதிதாக வைத்து, ஹீட்சிங்க் தூசியையும் ஊதிவிட்டே மாட்டுங்கள். ரேமை இரண்டு ப்ராசஸர் பக்கமும் சமமாகப் பிரித்துப் போடுங்கள்.