அசையாமல் இறுகிப்போன பழைய என்ஜினில் எதை ஊற்றக் கூடாது

பல ஆண்டுகள் தாழ்வாரத்தில் நின்ற புல்லட்டின் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு, கிக்கர் அசைய மறுக்கும்போது, கைக்குக் கிடைத்த திரவத்தை ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஊற்றிப் பார்க்கலாம் என்று தோன்றுவது இயல்பே. ஊற்றுவதில் தவறில்லை, உள்ளே என்னென்ன உலோகங்கள் இருக்கின்றன என்று எண்ணாமல் ஊற்றுவதுதான் தவறு. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த பழைய 350 சிசி புல்லட்டில், 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு சிலிண்டருக்குள் அலுமினியப் பிஸ்டன் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் வார்ப்பிரும்பு. சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட் அலுமினியம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர்கள் பலவற்றின் உடல் துத்தநாகக் கலவை. ஒன்றைச் சுத்தம் செய்யும் திரவம் அடுத்ததைத் தின்றுவிடக் கூடும்.

இவற்றில் மிகக் கொடியது காஸ்டிக் சோடா. இரும்புப் பாகங்களின் பல ஆண்டுக் கிரீஸையும் கரியையும் அது அற்புதமாகக் கழற்றிவிடும் என்பது உண்மை. அந்த வெற்றியைக் கண்டவர் அதே வாளியில் அலுமினிய ஹெட்டையும் போட்டுவிடுகிறார். உடனே நீர் பொங்கி நுரைப்பதை அழுக்கு கழல்வதாக எண்ணி அவர் மகிழும் நேரத்தில், உலோகமே கரைந்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறிக்கொண்டிருக்கும். குளியலறை கழுவும் ஆசிட்டும் அலுமினியத்தை விடாது. மேலும், அதன் ஆவி மூடிய அறையில் தங்கி, அங்கே மாட்டியிருக்கும் ஸ்பானர்களைக்கூடச் சில நாளில் துருப்பிடிக்க வைக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு எழும் என்பதால் அந்தச் சோதனை ஒருபோதும் வேண்டாம்.

வினிகரும் எலுமிச்சை உப்பும் இவற்றைவிட மென்மையானவை. பெட்ரோல் டேங்கின் உட்துருவுக்கு அவை உதவும், ஆனால் துத்தநாகக் கலவையால் ஆன கார்புரேட்டரை இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தால் காலையில் அதன் மேற்பரப்பு சாம்பல் நிறத்தில் பொரிந்திருக்கும். அமிலத்தில் ஊறிய இரும்பைச் சமையல் சோடாக் கரைசலால் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவாவிட்டால், புதிய துரு சில மணி நேரத்திலேயே படரத் தொடங்கும். குளிர்பானத்தில் ஊறவைக்கும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அதிலுள்ள அமிலம் சொற்பம், மிஞ்சுவது சர்க்கரைப் பிசுக்கு.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகிய கை என்ஜினுக்கும் அதையே தேடும். பலகாரச் சட்டியின் விளிம்பில் பழுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாத படிவத்தைப் பார்த்தவர்களுக்கு, சமையல் எண்ணெய்கள் காற்றும் வெப்பமும் பட்டால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிசின் ரிங்கின் பள்ளத்தில் உருவானால், விடுவிக்கப் போன நாமே மறுபடி ஒட்டியவர்களாவோம்.

டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்த கலவையோ, கடையில் விற்கும் துரு தளர்த்தும் எண்ணெயோ போதுமானது. தேவைப்படுவது பொறுமை. ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் அது இறங்க நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். அவசரப்பட்டுக் கொதிக்கும் எண்ணெயை மேலிருந்து ஊற்றுவோர் உண்டு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், முதலில் சூடேறும் பிஸ்டன் இன்னும் இறுகவே செய்யும். சூடு தேவையென்றால், ஊற்றிய திரவத்தை முழுதும் உறிஞ்சித் துடைத்துவிட்டு, சிலிண்டரின் வெளிப்புறத்தில் மட்டும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் காட்டலாம்.

பெட்ரோலால் கழுவுவது பழக்கத்தால் நியாயமாகிவிட்ட ஆபத்து. உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அதன் ஆவி, காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையின் பூஜை விளக்கையோ அடுப்பையோ தேடிச் சேரும். மண்ணெண்ணெய் மேலானதுதான், ஆனாலும் அதுவும் 40 டிகிரி வெப்பத்தை ஒட்டித் தீப்பற்றும் ஆவியைத் தரும் என்பதால், சித்திரை வெயிலில் அதையும் நிழலில் வைத்தே கையாள வேண்டும். தின்னர், பிரேக் ஆயில் ஆகியவை பெயின்டையும் சில ரப்பர் சீல்களையும் கெடுக்கும்.

திரவம் உள்ளே இருக்கும்போது பிளக்கை மாட்டிக் கிக்கரை உதைப்பது இன்னொரு பெருந்தவறு. திரவம் காற்றைப் போல் அமுங்காது. வேகமாக மேலேறும் பிஸ்டன் அதில் முட்டினால் அதைக் கீழே தாங்கும் கனெக்டிங் ராடு வளையக்கூடும். பிளக்கைக் கழற்றி, துளையைத் துணியால் மூடி, டாப் கியரில் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, இம்மி இம்மியாக விடுவிப்பதே முறை.

என்ஜின் சுழலத் தொடங்கியதும் மண்ணெண்ணெயை ஆயிலுக்குப் பதிலாக ஊற்றிச் சில நிமிடம் ஓட்டிக் கழுவும் வழக்கம் பேரிங்குகளை வறட்சியில் தேய்க்கிறது. பெயர்ந்த சகதி ஆயில் செல்லும் நுண்துளைகளையும் அடைக்கிறது. ஊறவைத்த திரவம் ரிங் வழியாகக் கீழே வடிந்திருக்கும் என்பதால், பழைய ஆயிலை முழுதும் வடித்து, ஃபில்டரைச் சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்ற வேண்டும். பிறகு பிளக் இல்லாமலேயே, ஹெட்டில் வால்வுகளை அசைக்கும் ராக்கருக்கு ஆயில் கொண்டுவரும் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி வைத்து, அங்கே ஆயில் கசியும் வரை கிக்கரை நிதானமாக மிதித்து, அதன் பின்னரே பிளக்கை மாட்டலாம்.