ஆர்க்கிட் இனங்களின் உறவைப் பசுங்கணிக டிஎன்ஏ கொண்டு அறியும் முறை

ஏற்காட்டிலும் வால்பாறையிலும் கொல்லிமலையிலும் மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஆர்க்கிட்டுகளை, பூ இல்லாத காலத்தில் இனம் பிரிப்பது பழகிய கண்ணுக்கும் கடினம். பூவையும் முழுமையாக நம்பிவிட முடியாது. ஒரே வகைப் பூச்சியை ஈர்க்க வேண்டியிருப்பதால், நெருங்கிய உறவில்லாத இனங்களின் பூக்களும் ஒத்த வடிவம் கொள்வதுண்டு. அஸ்கோசென்ட்ரம் என்ற தனிப் பேரினமாகக் கருதப்பட்ட செடிகள் இன்று வாண்டா என்ற பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டிருப்பதில் டிஎன்ஏ சான்றுகளுக்குப் பெரும் பங்குண்டு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்கும் (குளோரோபிளாஸ்ட்) தனி டிஎன்ஏ உண்டு. இலையிலிருந்து அதை எடுத்துப் படித்து உறவை அறிவதே இங்கு சொல்லும் முறை.

காட்டில் இலை பறிக்கும் முன் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருவதால், மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தனி விதிகள் உண்டு. ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தது இரண்டு, மூன்று செடிகளிலிருந்து, முடிந்தால் வெவ்வேறு மலைகளிலிருந்து, இலை எடுக்க வேண்டும். பூவுடன் கூடிய உலர் மாதிரி ஒன்றைக் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் உலர் தாவரச் சேகரிப்போடு ஒப்பிட்டுப் பெயரை உறுதி செய்துகொள்வது நல்லது. பெயரே தவறாக இருந்தால் பின்னர் வரும் உழைப்பெல்லாம் வீண்.

இலையை உடனே உலர்த்த வேண்டும். வால்பாறையிலிருந்து கீழே இறங்கும் பேருந்தில் ஈர இலைகளைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்திருந்த என் முதல் மாதிரிகள், பொள்ளாச்சி வந்து சேருமுன் கறுத்துப் புழுங்கிவிட்டன. இலையைச் சிறு கீற்றுகளாக நறுக்கி, அதன் எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் புதைத்து, குருணையின் நிறம் மாறியதும் புதிது மாற்ற வேண்டும். கீற்று வளையாமல் முறிந்தால் பதம் சரி.

உலர்ந்த இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க, சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முறையே போதும். ஆனால் ஆர்க்கிட்டின் தடித்த இலையில் வழவழப்பான கூட்டுச் சர்க்கரைகள் மிகுதி. டிஎன்ஏவைப் படியவைக்க ஐசோபுரப்பனால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்தபின் குழாயின் அடியில் மெல்லிய வெண்ணிறப் படிவு தெரிந்தால் மகிழலாம். சேலத்து ஜவ்வரிசியை வேகவைத்ததுபோல் கண்ணாடிக் கூழ் திரண்டால் அதில் பெரும்பகுதி சர்க்கரையே. அப்போது உப்புச் செறிவைக் கூட்டி மீண்டும் படியச் செய்து, 70 சதவீத எத்தனாலில் கழுவ வேண்டும். இதைத் தவிர்த்தால், டிஎன்ஏ பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் வினை அடிக்கடி தோற்கும். குறை பிரைமரில் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டில்) என்று தேடி நாட்கள் போகும்.

பசுங்கணிக மரபணுத் தொகுதி ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள் போன்றவை) கொண்டது. முழுவதையும் படிக்க வசதியில்லாதவர் சில பகுதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். 2009இல் தாவரங்களுக்கான பொதுப் பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் குறியீடாக, பரிந்துரைக்கப்பட்ட ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரு மரபணுக்களில் ஆர்பிசிஎல் மெதுவாக மாறுவதால் பேரினங்களைப் பிரிக்கவே பெரிதும் உதவும். மேட்கே அதைவிட விரைவாக மாறும். நெருங்கிய இனங்களுக்கு டிஆர்என்எல்-எஃப் இடைவெளிப் பகுதியையும் ஒய்சிஎஃப்1 பகுதியையும் சேர்ப்பது என் வழக்கம். இரு திசையிலும் எழுத்து வரிசையறிந்து, மாஃப்ட் என்ற கணினி நிரலில் ஒன்றுக்கொன்று நேராக அடுக்கி, ஐக்யூ-ட்ரீ என்ற நிரலில் உறவு மரம் அமைக்கலாம். வாண்டா இனங்களை ஆராய்பவர் ஏரிடிஸ் போன்ற அண்டைப் பேரினம் ஒன்றை வெளிக்குழுவாக (ஆராயும் குழுவுக்கு வெளியே உள்ள ஒப்பீட்டுச் செடியாக) வைத்தால் மரத்துக்கு வேர் கிடைக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம் பக்கத்தில் கூட்டப் பெயர் (குலப் பெயர்) தகப்பன் வழியில் வருவதற்கு நேர்மாறாக, ஆர்க்கிட்டுகளில் பசுங்கணிகம் பொதுவாகத் தாய்ச்செடி வழியாகவே இறங்குகிறது. ஆகவே கலப்பினச் செடியொன்று இம்மரத்தில் தாயின் உறவினரோடு மட்டும் நிற்கும். தந்தையின் தடம் அதில் இராது. எனவே இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவின் ஐடிஎஸ் என்ற பகுதியையும் அதே செடிகளிலிருந்து படித்துத் தனி மரம் அமைத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு செடி இரு மரங்களிலும் வேறு வேறு கிளையில் நின்றால் கலப்பினம் என்று உடனே எழுதிவிடாமல், மிச்சமுள்ள உலர் கீற்றிலிருந்து மறுபடி டிஎன்ஏ எடுத்துப் பாருங்கள். குழாய்களின் சீட்டு இடம் மாறியிருப்பதற்கான வாய்ப்பை முதலில் நீக்கியாக வேண்டும்.