ஜெர்மன் கப்பல் கம்பெனிக் கொடிகள்: மாடல் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை ஒரு தம்பி ஹாம்பர்க்கில் உள்ள என் பட்டறைக்கு ஒரு பழைய புகைப்படத்தோடு வந்தான். எல்பே ஆற்றில் நிற்கும் நீராவிக் கப்பல். பெரிய பாய்மரத்தின் உச்சியில் ஒரு கொடி, பாதி சுருண்டு தொங்குகிறது. மூலைக்கு மூலை கோடு இழுத்து நான்கு முக்கோணமாகப் பிரித்த கொடி அது. எதிரெதிராக இரண்டு முக்கோணம் வெள்ளை, மற்ற இரண்டும் கறுப்பை ஒட்டிய சாம்பல்.

"இது கருநீலம்தானே அண்ணா? அப்போ ஹாபாக். பெயின்ட் கலந்தே கொண்டு வந்துட்டேன்."

ஹாபாக் என்றால் ஹாம்பர்க்கின் பெரிய கப்பல் கம்பெனி. சின்ன டப்பாவில் நீலம் தயாராக இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே நீலத்தைக் கலந்து, இதே மாதிரி ஒரு படத்தைப் பார்த்து, ஒரு முழு மாடலையே கெடுத்தேன். டப்பாவை மூடச் சொன்னேன். அன்று அவனிடம் பேசியதையும், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பின்புறம் பறப்பது நாட்டுக் கொடி, பாய்மரத்தில் பறப்பது கம்பெனிக் கொடி என்பது போன்ற பாலபாடத்தை விட்டுவிடுகிறேன். மாடல் கையில் எடுத்தவருக்கு அது தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறம் எடுக்காதீர்கள்

ஹாம்பர்க்கின் இரண்டு பெரிய கம்பெனிகளின் கொடிகள் அமைப்பில் ஒரே குடும்பம். 1847ல் தொடங்கிய ஹாபாக்கின் கொடி மூலைவிட்டமாக நான்காகப் பிரித்த நீலமும் வெள்ளையும். நடுவே கறுப்பு நங்கூரம், அதன் மேல் கம்பெனியின் எழுத்துகள் பொறித்த மஞ்சள் கேடயம். தென் அமெரிக்காவுக்குக் கப்பல் விட 1871ல் தொடங்கிய ஹாம்பர்க் ஸூட் கொடியும் அதே மாதிரி நான்காகப் பிரித்ததுதான், ஆனால் சிவப்பும் வெள்ளையும். முக்கோணத்துக்கு ஒன்றாக எச், எஸ், டி, ஜி என்ற எழுத்துகள். நிறத்தில் பார்த்தால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். புகைப்படத்தில்தான் வினை.

அந்தக் காலத்துப் புகைப்படத் தட்டுகளின் கண் நம் கண் மாதிரி இல்லை. ஆரம்பகாலத் தட்டுகளில் நீல ஒளி மட்டும்தான் நன்றாகப் பதியும். 1873ல் பெர்லினில் ஹெர்மான் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற வேதியியலாளர், தட்டில் சாயம் சேர்த்தால் பச்சையும் மஞ்சளும் பதியும் என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகும் சிவப்பு பதியவில்லை. எல்லா நிறத்தையும் வாங்கும் தட்டுகள் 1906 வாக்கில் கடைக்கு வந்தாலும், பரவலாகப் புழங்கியது 1920களில்தான். ஆகவே முதல் உலகப் போருக்கு முந்தைய துறைமுகப் படத்தில் நீலம் வெளுத்து வெள்ளையோடு சேர்ந்துவிடும், சிவப்பு இருண்டு கறுப்போடு சேர்ந்துவிடும். வானம் ஏன் அந்தப் படங்களில் வெள்ளைத் தாளாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது தம்பியின் படத்துக்கு வாருங்கள். அந்தக் கொடி ஹாபாக்காக இருந்திருந்தால் நீல முக்கோணங்கள் வெளிறிப்போய், கொடி முழுவதும் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிந்திருக்கும். நடுவில் நங்கூரமும் மஞ்சள் கேடயமும் ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்புப் பொட்டு. இவ்வளவு இருண்ட முக்கோணம் என்றால் முதலில் சிவப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். நம் கண்ணுக்கு நீலம் அடர்த்தியாகவும் சிவப்பு பளிச்சென்றும் தெரிவதால், சாம்பலைப் பார்த்ததும் மனசு தானாக நீலம் என்று முடிவு கட்டிவிடுகிறது.

என் கதையும் இதேதான். எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தன் தாத்தா வேலை பார்த்த கப்பலை மாடலாகச் செய்து தரக் கேட்டார். தாத்தா நிலக்கரி அள்ளிப்போடும் கொதிகலன் தொழிலாளி. படத்தின் பின்பக்கம் பென்சிலில் "ஹாம்பர்க், 1909" என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. ஹாம்பர்க் என்றாலே ஹாபாக் என்று நினைத்த காலம் அது எனக்கு. கொடியில் எழுத்து இருந்த இடமெல்லாம் மடிப்புக்குள் போயிருந்தது. நீலம் கலந்தேன். மெல்லிய பட்டுத்துணியில் வரைந்து, நகத்தளவு நங்கூரமும் போட்டு, கயிற்றோடு சேர்த்து முடிந்து, அந்தக் கயிற்றின் மேல் மற்ற கயிறுகளையும் கட்டி முடித்தேன். ஐந்து மாத வேலை.

அந்த அம்மா வந்தார். கப்பலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கொடிக்கு நேரே நின்று, "எங்கள் வீட்டில் இது சிவப்பாக இருந்ததாகச் சொல்வார்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபப்படவில்லை. பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்திலிருந்து தாத்தா காபிக்கொட்டை கொண்டுவந்த கதையை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதைக் கதையாகக் கேட்டேன். தென் அமெரிக்கப் பயணம் என்று காதில் விழுந்ததும் ஹாம்பர்க் ஸூட்டின் பக்கம் போய்ப் பார்த்திருக்க வேண்டும், போகவில்லை. கொடியைக் கழற்றப் போய் உச்சிப் பாய்மரம் ஒடிந்தது. மறுபடி கட்ட ஏழு வாரம் ஆனது. அதற்குள் அந்த அம்மா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், திருத்திய கப்பலை அவருடைய மகள்தான் வந்து வாங்கிக்கொண்டு போனார். அதனால்தான் இந்த ஒரு தவறைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, அது படத்துக்குள்ளேயே கிடைக்கும். 1867 முதல் 1918 வரை ஜெர்மன் வணிகக் கப்பலின் பின்கொடி மேலிருந்து கீழாகக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு. பூதக்கண்ணாடியை எடுத்து அதைப் பாருங்கள். கீழ்ப் பட்டை மேல் பட்டை அளவுக்கே கறுத்திருந்தால், அந்தத் தட்டுக்குச் சிவப்பு தெரியவில்லை என்று பொருள். அப்படியானால் அதே படத்தில் கம்பெனிக் கொடியில் இருக்கும் கறுமை நீலமாக இருக்க வாய்ப்பில்லை. கீழ்ப் பட்டை சாம்பலாகத் தனித்துத் தெரிந்தால், அது எல்லா நிறமும் வாங்கும் தட்டு. அப்போது வேறு கணக்கு. அடுத்தது புகைபோக்கி. ஹாம்பர்க் ஸூட்டின் பயணிக் கப்பல்களுக்கு வெள்ளைப் புகைபோக்கியும் சிவப்புத் தலையும். படத்தில் அது வெள்ளை உடலும் கறுத்த தலையுமாக நிற்கும். தம்பியின் படத்தில் அப்படியேதான் நின்றது. பிறகு பூதக்கண்ணாடியில் மடிப்பின் ஓரத்தை அவனே பார்த்து, "அண்ணா, இங்க டி மாதிரி ஒரு வளைவு இருக்கு" என்றான்.

இப்போது இன்னொரு வம்பு சேர்ந்திருக்கிறது. பழைய படத்தைக் கணினியில் போட்டால் அதுவே நிறமூட்டித் தருகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்தக் கொடியையும் படித்துவிட்டு நிறம் தரவில்லை; சாம்பலைப் பார்த்து ஊகிக்கிறது, நான் ஊகித்த மாதிரியே. அந்தப் படத்தை ஆதாரம் என்று என் மேசையில் வைக்காதீர்கள். எழுத்தில் உள்ள வர்ணனை, அச்சிட்ட வண்ணப் பட்டியல், அருங்காட்சியகத்தில் உள்ள நிஜத் துணி, இவை மூன்றில் ஒன்றாவது கைக்கு வரும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். லண்டனின் கப்பல் காப்பீட்டுச் சந்தையான லாய்ட்ஸ் 1912ல் வெளியிட்ட கம்பெனிக் கொடிகள், புகைபோக்கிகள் பட்டியல் வண்ணத்திலேயே இருக்கிறது. கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஜெர்மன் கம்பெனிகளின் துணிக் கொடிகளே இருக்கின்றன.

வருஷத்தைக் கேட்காமல் கொடியைத் தொடாதீர்கள்

கப்பலின் பெயர் தெரிந்தால் கொடி தெரிந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. பாமிர் என்ற நாலு பாய்மரக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1905ல் ஹாம்பர்க்கின் லைஸ் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. லைஸின் கொடி வெள்ளைத் துணியில் சிவப்பு எஃப், எல் எழுத்துகள். 1931ல் பின்லாந்தின் குஸ்தாஃப் எரிக்சன் வாங்கினார். 1941ல் போர்க்காலத்தில் நியூசிலாந்து அரசு கைப்பற்றியது. 1950களில் மறுபடி ஜெர்மனிக்கு வந்து, கடைசியில் ஒரு அறக்கட்டளையின் கையில் இருந்தபோது, 1957 செப்டம்பர் 21 அன்று அட்லான்டிக் புயலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 86 பேரில் ஆறு பேர்தான் பிழைத்தார்கள். அந்தக் கடைசிப் பயணத்தை மாடலாகச் செய்து, மேலே லைஸின் கொடியைப் பறக்கவிடுகிறவர்களை வருஷம்தோறும் பார்க்கிறேன். செத்துப்போனவர்களில் பயிற்சிக்கு வந்த சின்னப் பையன்கள் நிறையப் பேர். அவர்களுக்காகச் செய்கிற மாடலில் கொடியாவது சரியாக இருக்கட்டும்.

பின்கொடியிலும் இதே கவனம் வேண்டும். 1867க்கு முன்னால் ஹாம்பர்க் கப்பல் சிவப்பில் வெள்ளைக் கோட்டைச் சின்னம் போட்ட ஊர்க் கொடியோடுதான் போனது. பிரேமன் கப்பலுக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டைகள்; அதைப் பிரேமன்காரர்கள் இன்றும் பன்றிக்கொழுப்புக் கொடி என்றுதான் சொல்கிறார்கள், வெட்டிய கொழுப்பின் பட்டைகளைப் போல இருப்பதால். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வைமார் குடியரசு வந்தபின் கறுப்பு வெள்ளை சிவப்பின் மேல் மூலையில் கறுப்பு சிவப்பு பொன் நிறத்தில் ஒரு சிறு கட்டம் ஏறியது. 1929ல் முதல் பயணம் போன பிரேமன் என்ற பெரிய கப்பலுக்கு அந்தக் கட்டம் கட்டாயம் வேண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946 முதல் 1951 வரை ஜெர்மன் கப்பலுக்கு நாட்டுக் கொடியே கிடையாது. சைகைக் கொடிகளில் சி எழுத்துக்குரிய நீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைக் கொடியின் ஓரத்தை முக்கோணமாக வெட்டிப் பறக்கவிட்டார்கள்.

ஹாபாக் லாய்ட் என்பது 1970க்குப் பிறகுதான்

அதற்கு முன் ஹாம்பர்க்கின் ஹாபாக்கும் பிரேமனின் நார்ட்டாய்ச்சர் லாய்டும் போட்டியிட்ட இரண்டு தனிக் கம்பெனிகள், சேர்த்து வரையாதீர்கள்.

பிரேமன் சாவிக்கு வெள்ளி பூசாதீர்கள்

நார்ட்டாய்ச்சர் லாய்ட் 1857ல் பிரேமனில் பிறந்த கம்பெனி. அதன் கொடியில் சாவியும் நங்கூரமும் குறுக்காகக் கிடக்கும், ஓக் இலை மாலையோடு. அந்தச் சாவி பிரேமன் நகரச் சின்னத்திலிருந்து வந்தது, புனித பேதுருவின் சாவி. நகரச் சின்னத்தில் அது சிவப்பின் மேல் வெள்ளிச் சாவி. கம்பெனிக் கொடியிலோ வெள்ளைத் துணியில் நீலச் சாவி, நீல நங்கூரம். நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்து வெள்ளி பூசினால் எங்கும் பொருந்தாத ஒரு கொடிதான் கிடைக்கும். இங்கேயும் பழைய படத்தை நம்ப முடியாது. நீலம் வெளுத்து, சாவி இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும்.

எம்டனுக்குக் கம்பெனிக் கொடி கிடையாது

நம்மவர்கள் அதிகம் கேட்கும் மாடல் இதுதான், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைமேல் குண்டு போட்டதால். அது கடற்படைக் கப்பல். வெள்ளையில் கறுப்புச் சிலுவையும் கழுகும் உள்ள போர்க்கொடிதான் அதற்கு. நிலக்கரி சுமந்து அதன் கூடவே வந்த மார்க்கோமானியாதான் ஹாபாக் கப்பல்.

வார்னிஷ்

வேண்டாம். நிஜக் கொடி கம்பளித் துணி, மின்னாது.

காற்று எந்தப் பக்கம்?

லைஸின் கப்பல்களை முழுப் பாயும் விரித்துச் செய்கிறவர்கள் பாயை முன்னோக்கிப் புடைக்கவிடுகிறார்கள், கொடியை மட்டும் பின்னோக்கிப் பறக்கவிடுகிறார்கள். பாயைத் தள்ளுகிற காற்றேதான் கொடியையும் தள்ளும். காற்று பின்னாலிருந்து வந்தால் கொடியும் முன்பக்கம்தான் பறக்கும். நீராவிக் கப்பலின் வேகத்தில் கொடி பின்னால் போவதைப் பார்த்த பழக்கம் நம் கையை இழுத்துவிடுகிறது. தவிர, நடுக்கடலில் கொடி ஏற்றி வைத்துக் கிழியவிட மாட்டார்கள். துறைமுகம் நெருங்கும்போதோ, இன்னொரு கப்பலைக் கண்டாலோதான் ஏற்றுவார்கள்.

தம்பியின் கப்பல் ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கிறது. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே அது மூக்கைத் திருப்பி நிற்கும். படத்தில் புகை போகிற திசையை ஒரு தாளில் அம்பாக வரைந்து, கொடியின் மடிப்பும் அதே பக்கம் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை சிவப்பு கலந்துகொண்டு வருவான்.